கம்பம் நட்ட ஊரில் ஒரு கல்யாணம்

1

போன வாரம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் எங்கள் ஊர்ப் பாரம்பரியச் சங்கத்தின் செயலாளர். எங்கள் ஊர் என்றால் பொள்ளாச்சிப் பக்கம் அல்ல; நான் இருபத்தாறு வருடமாகக் குப்பை கொட்டும் ஸ்வீடன் நாட்டுச் சிற்றூர். ஏரிக்கரையில் இருக்கிறது. மொத்த ஜனத்தையும் கூட்டி வந்து பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் நிறுத்தினால் ஒரு மூலைக்குக் காணாது.

கடிதத்தின் தலைப்பு ‘மஞ்சள் நீர்.’ சென்ற ஆண்டு கோடை விழாக் கம்பத்துக்கு உங்கள் குடும்பத்தார் ஊற்றிய மஞ்சள் நீரை இந்த ஆண்டு நிகழ்ச்சி நிரலில் சேர்க்க நிர்வாகக் குழு ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது, ஆகையால் கீழ்க்கண்ட விவரங்கள் தேவை என்று எழுதியிருந்தார்கள். ஒரு வாளிக்கு எத்தனை கரண்டி மஞ்சள்? துணியில் பட்டால் கறை போகுமா? ஒவ்வாமை உள்ளவர்கள் எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்? கம்பம் எத்தனை நாள் நிற்க வேண்டும் என்பதற்கு உங்கள் மரபில் ஏதேனும் விதி உண்டா?

இந்த நாட்டில் எதையும் படிவமாக்காமல் விடமாட்டார்கள். ஆனால் கடைசிக் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமானால் போன வருடத்து என் மகள் கல்யாணத்திலிருந்து தொடங்க வேண்டும். வேலை இருப்பவர்கள் முடித்துவிட்டு வந்து படியுங்கள்.

2

நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். ஜூன் மாதம் வந்தால் புது உருளைக்கிழங்கு வரும். காலை ஏழு மணிக்கு நின்று கழுவ ஆரம்பித்தால் பத்து மணி வரை உருளைக்கிழங்குதான். கூடவே வேலை செய்யும் பெண்கள் கோடை விழாவைப் பற்றியே பேசுவார்கள். இங்கே வருடத்தில் பாதி இருட்டு. எனவே வெளிச்சம் வந்ததும் ஜனத்துக்குக் கொஞ்சம் பித்துப் பிடித்துவிடும். ஒரு உயரமான மரத்தை இலையாலும் பூவாலும் சுற்றி மைதானத்தில் நட்டு, அதைச் சுற்றிப் பெரிய பெரிய ஆபீசர்கள்கூடத் தவளை மாதிரி குதித்து ஆடுவார்கள். கிறித்துவத்துக்கு முந்தைய பழக்கம் என்று சிலர் சொல்வார்கள், இல்லை என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். குதிப்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

என் மகள் சௌமியா பதினெட்டு வயதில் படிக்கப் போனவள், ஐந்து மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் பெருநகரத்திலேயே தங்கிவிட்டாள். வருடத்தில் இரண்டு முறை வருவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஸ்வீடிஷில் பதில் சொல்வாள். வந்த மூன்றாம் நாள் காலையில் பையைத் தூக்கிவிடுவாள். நான் இருக்கச் சொல்லிக் கெஞ்சியதில்லை; கெஞ்சினால் அடுத்த முறை இரண்டாம் நாளே கிளம்பிவிடுவாளோ என்று பயம்.

அவள் எமில் என்ற பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது நான் அதிர்ச்சி அடையவில்லை. அவன் மூன்று வருடமாக எங்கள் வீட்டுக்கு வந்து கொண்டிருந்தான். ஆறடி மூன்று அங்குலம், தங்கமான குணம். அதிர்ச்சி வேறு இடத்தில் இருந்தது. இங்கே கல்யாணத்துக்கு முன் ‘திருமணத் தடை ஆய்வு’ என்று ஒன்று உண்டு; அதைச் செய்வது வரி அலுவலகம். எங்கள் பக்கம் தடை பார்க்க ஜாதகக் கட்டை எடுத்துக்கொண்டு அவிநாசி வரை போவார்கள். இங்கே வருமான வரிக்காரர்களே பார்த்து, தடை ஏதும் இல்லை என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். செவ்வாய் தோஷத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

விழாவுக்கு மறுநாள் சனிக்கிழமை, சமுதாயக் கூடத்தில் கல்யாணம். பதிவு செய்ய ஒரு பெண் அதிகாரி வருவார். நான் தயங்கித் தயங்கி, கூடவே தாலியும் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். கட்டிக்கலாமே, போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்றாள். ஒத்துக்கொண்டதில் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் ‘போட்டோவுக்கு’ என்ற வார்த்தை என் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

3

தாலி என்றால் நங்கையா வர வேண்டும். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். அவர் வெறும் நங்கையா அல்ல, அருமைக்காரி. எங்கள் கல்யாணங்களில் ஐயர் கிடையாது. பிள்ளை குட்டி பெற்று, அதற்கென்று தனியாகச் சீர் என்னும் சடங்கு செய்துகொண்ட அருமைக்காரரும் அவர் மனைவியும்தான் எல்லாம் நடத்துவார்கள். அவர்கள் கையால் எடுத்துக் கொடுத்தால்தான் தாலி தாலி. நங்கையாவின் கணவருக்கு, நான் அண்ணன் என்று கூப்பிடுபவருக்கு, முட்டி வலி. மேலும் ஏழு மாடுகளை யாரிடம் விடுவது? ஆகவே நங்கையா தனியாக வந்தார். அண்ணனுக்குப் பதிலாக அவருடைய உருமாலை, அதாவது தலைப்பாகையை, பெட்டியில் மடித்து எடுத்து வந்தார். உருமால் வந்தால் ஆள் வந்த மாதிரியாம்.

விசாப் படிவத்தில் பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலா என்று போடச் சொன்னோம். தாலி எடுத்துக் கொடுக்க என்றே எழுதுவேன், அம்மன் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நின்றார். அப்படியே எழுதினார், விசாவும் கிடைத்தது. என் கணவர் இருபத்தைந்து வருடமாக இந்த நாட்டில் உண்மையைச் சுற்றி வளைத்து எழுதி வந்தவர். அன்று அந்தப் படிவத்தின் நகலை மூன்று முறை எடுத்துப் படித்தார்.

நங்கையாவுக்கு எல்லோரும் மரியாதைக்குரியவர்கள். விமான நிலையத்தில் தானாகத் திறந்த கதவைப் பார்த்து “வாரேனுங்க” என்று சொல்லிவிட்டு நுழைந்தார். பக்கத்து வீட்டு நாயை “ஏனுங்க, சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். அது அன்றிலிருந்து தன் முதலாளியை மதிப்பதில்லை.

எமிலின் அம்மா குனில்லா வந்து, இங்கத்துக் கல்யாண நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். மணப்பெண்ணின் செருப்புக்குள் அப்பா ஒரு வெள்ளிக் காசும் அம்மா ஒரு தங்கக் காசும் வைக்க வேண்டும். கல்யாணத்தன்று மழை பெய்தால் யோகம். விழாவுக்கு முந்திய நாள் வாய் பேசாமல் ஏழு வகைப் பூப் பறித்துத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தால் வரப்போகும் கணவர் கனவில் வருவார்.

நங்கையா மழையை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பச்சரிசி தின்ற பெண்ணுக்குத்தான் கல்யாணத்தன்று மழை வரும் என்றார். சௌமியாவை நான் சின்ன வயதில் இதற்காகவே எத்தனை அடித்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். அண்மையில்கூட அவளும் எமிலும் வந்து போன பிறகு அரிசி டப்பா குறைந்திருந்தது.

பூ விஷயத்தில் நங்கையா தாமும் சேர்ந்துகொண்டார். காலையில் எழுந்ததும் முகம் சுளித்தார்.

“நாப்பது வருசமாப் பாக்கற மூஞ்சியேதான் அம்மணி வந்துச்சு. அங்கயும் பால் கறந்துட்டுத்தான் இருக்காரு. இதுக்கு ஏழு பூ வேற.”

4

வெள்ளிக்கிழமை மதியம் கம்பம் நட்டார்கள். இருபது ஆண்கள் தோளில் சுமந்து வந்தார்கள், முன்னால் வாத்தியம் வாசித்துக்கொண்டு நான்கு பேர். உச்சியில் குறுக்குக் கட்டை, இரண்டு பக்கமும் பூ வளையம், மேலிருந்து கீழ்வரை பச்சை இலை. நான் அதை இருபத்தைந்து முறை பார்த்திருக்கிறேன். ஒரு முறைகூட எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை.

நங்கையா செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்து, இவர்களும் மாரியம்மனுக்குக் கம்பம் நடுவார்கள் என்று நீ ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை என்று கோபித்தார். பங்குனி, சித்திரையில் நடவேண்டியதை ஆனியில் நடுகிறார்களே என்றதற்கும் அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்: குளிர் நாடு, எல்லாம் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும்.

ஊரில் அப்படித்தான். மாரியம்மன் கோயில் முன்னால் மூன்று கொப்பு விட்ட மரத்தை நடுவார்கள். அதுதான் அம்மனுக்கு மாப்பிள்ளை. ஆண்கள் சுற்றி ஆடுவார்கள், பெண்கள் தினமும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். யோசித்துப் பார்த்தால் இங்கே குறைவது மாரியம்மனும் மஞ்சளும்தான். அதில் பாதியை நங்கையா தீர்த்துவைத்தார். எங்கள் வீடு மைதானத்துக்கு எதிரில். நான் குனில்லாவோடு பேசித் திரும்புவதற்குள் இரண்டு வாளி மஞ்சள் நீர் தயார். வேப்பிலைக்குப் பதில் அந்தக் கம்பத்து மரத்து இலையே மிதந்தது.

முதல் வாளி கம்பத்துக்குப் போனது. இரண்டாவது வாளி போகும்போது, சங்கத் தலைவர் லார்ஸ் வரவேற்புரை வாசிக்கக் கம்பத்தடியில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை.

கூட்டம் வாளியைப் பார்த்தது, லார்ஸைப் பார்த்தது. பிறகு ஒரு குழந்தை கைதட்டியது. எல்லோரும் தட்டினார்கள். மஞ்சளாக நின்ற லார்ஸ் உரையை முழுவதும் வாசித்து முடித்தார்; அதைத்தான் இந்த ஊரில் ஒழுக்கம் என்கிறார்கள்.

5

சிரிப்பு அதோடு முடிந்தது. வீட்டுக்கு வந்து வாளியைக் கவிழ்த்த நங்கையா, திடீரென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கம்பத்து விதி அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது.

கம்பம் நட்டால் அதைப் பிடுங்கித் தண்ணீரில் விடும் வரை ஊருக்குள் கல்யாணம் கூடாது. அம்மன் கல்யாணம் நடக்கும்போது மனிதருக்குக் கல்யாணமா? தாளிக்கவும் கூடாது. நட்டபோது ஊரில் இருந்தவர்கள் ராத்திரி வெளியூரில் தங்கவும் கூடாது. இதெல்லாம் எனக்கும் தெரியும், தெரிந்து வளர்ந்தவள்தான். உருளைக்கிழங்கு கழுவிக் கழுவி மறந்துவிட்டது.

நான் வாதாடினேன். இது மாரியம்மன் கம்பம் இல்லை, வெறும் விளையாட்டு என்றேன். நட்டாயிற்று, ஆடியாயிற்று, நானே மஞ்சள் நீரும் ஊற்றிவிட்டேன், இதற்கு மேல் அது வேறு என்னவாக இருக்க முடியும் என்று கேட்டார். அந்த மஞ்சள் நீர் வரைக்கும் அது வெறும் மரமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

“புடிவாதம்னு நெனைக்காத கண்ணு. என்ற கையால எடுத்துக் குடுத்து, நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா நான் தாங்க மாட்டேன். இதுக்காகத்தான ஏரோப்ளேன்ல வந்தேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து, சாம்பாருக்கு வைத்திருந்த கடுகு டப்பாவை எடுத்துத் தம் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

என் கணவர் அக்காவை எதிர்த்துப் பேச மாட்டார். தோட்டத்துக்குப் போய்ப் புல் வெட்டினார். முந்தின நாள்தான் வெட்டியிருந்தார். நான் சௌமியாவைச் சமையலறைக்கு இழுத்துப் போய், கவலைப்படாதே, தாலியை நானே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன், போட்டோவில் யாருக்குத் தெரியப்போகிறது என்றேன்.

அவள் தமிழில் பதில் சொன்னாள்.

“வேண்டாங்கம்மா. அத்தை கை படாமத் தாலி வேண்டாங்க. ஆபீசர்கிட்டக் கையெழுத்து மட்டும் போட்டுக்கறோம்.” அழுதுகொண்டிருந்தாள். “ஆறு வயசுல லீவுக்குப் போனப்ப, தொட்டியில குளிக்க வெச்சுட்டே சொன்னாங்க, உனக்கு நான்தான் எடுத்துக் குடுப்பேன்னு. அப்பருந்து அது அத்தைதான்னு நெனச்சுட்டு இருக்கேன்.”

இருபது வருடம் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. போட்டோவுக்காக என்று அவள் சொன்னதை நம்பினேன். இந்த வயதுப் பிள்ளைகள் வேண்டும் என்று ஆசைப்படுவதைத்தான் சும்மா என்று சொல்வார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

6

மாலை நான்கு மணிக்கு லார்ஸ் வந்தார். கையில் அந்த மஞ்சள் சட்டை. வழக்குப் போடத்தான் வந்திருக்கிறார் என்று என் கணவர் புல் வெட்டும் இயந்திரத்தின் பின்னால் நின்றுகொண்டார். லார்ஸ் வந்தது, மஞ்சள் நீருக்குப் பொருள் என்ன என்று கேட்டுச் சங்கக் குறிப்பேட்டில் எழுத.

நான் எல்லாவற்றையும் மொழிபெயர்த்துச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பேனாவை எடுத்தார். கம்பத்தை இன்றே பிடுங்க முடியாது, அதற்கு நிர்வாகக் குழு கூட வேண்டும், குழு இனி ஆகஸ்டில்தான் கூடும். அதை ஏரியில் விட வேண்டுமென்றால் சுற்றுச்சூழல் அனுமதி தனி. ஆனால், என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். இந்த விதி ஊருக்குள் மட்டும்தானே செல்லும்? அந்த ஊர் எல்லையை எப்படி நிர்ணயிக்கிறீர்கள்?

லார்ஸ் ஓய்வு பெற்ற நில அளவையர் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

கேள்வியை நங்கையாவிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேலை தெரிந்த ஒரு மனிதரை இந்த நாட்டில் முதல் முறையாகப் பார்க்கிற பார்வை.

“எல்லைக் கல்லு தாண்டிப்போட்டா வேற ஊருங்க. அங்க நம்ம கம்பம் பேசாதுங்க.”

லார்ஸ் வீட்டுக்குப் போய் வரைபடமும் அளவு நாடாவும் கொண்டுவந்தார். சமுதாயக் கூடத்துக்குப் பின்னால் ஒரு ஓடை. அதைத் தாண்டி ஒரு மேய்ச்சல் நிலம். கணக்குப்படி எல்லைக் கல் அந்தப் பக்கத்துக் கரையில் இருக்க வேண்டும். அறுபத்தெட்டு வயது மனிதர் முழங்கால் போட்டுப் புல்லை விலக்கித் தேடினார். நங்கையாவும் சேலையைச் செருகிக்கொண்டு தேடினார். பாசி படிந்த கல் அகப்பட்டபோது இருவரும் ஆளுக்கொரு மொழியில் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் மொழிபெயர்க்கவில்லை, தேவைப்படவில்லை.

நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கினோம். மாடுகளை அப்புறப்படுத்த வேண்டுமா என்று கேட்டார். மாடு பார்க்க நடக்கிற கல்யாணத்துக்குக் குறையே வராது, இருக்கட்டும் என்றுவிட்டார் நங்கையா.

7

சனிக்கிழமை காலை எண்பது விருந்தினரும் ஆளுக்கொரு நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடை தாண்டினார்கள். குனில்லா விருந்தினரிடம் இது தென்னிந்திய மரபு என்று விளக்கிக்கொண்டிருந்தார். அதிகாரி அம்மாள் தம் தாளில் ‘சமுதாயக் கூடம்’ என்றிருந்ததைப் பேனாவால் அடித்து, ‘ஓடைக்கு மறுகரை’ என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டார்.

நங்கையா, லார்ஸுக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டா என்று விசாரிக்கச் சொன்னார். மனைவி, மூன்று பிள்ளைகள், ஐந்து பேரன் பேத்திகள். திருப்தியாகி, அண்ணனின் உருமாலை எடுத்து அவர் தலையில் கட்டிவிட்டார். அவர் அதை வைத்துக்கொண்டு எல்லைக் கல் பக்கத்தில் காவல் நின்ற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கள் அண்ணன்கூட அவ்வளவு கம்பீரமாக நின்றதில்லை.

பதினொரு மணிக்கு நங்கையா தாலியைக் கையில் எடுத்தார். சௌமியா குனிந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எமில் மூன்று முடிச்சுப் போட்டு முடிப்பதற்குள் மழை கொட்டியது.

குனில்லா யோகம் யோகம் என்று கூவினார். எங்கள் பக்கத்து ஆட்கள் மூன்று பேரும் சௌமியாவைத் திரும்பிப் பார்த்தோம்.

“யாருங்க பச்சரிசி தின்னது?” என்றார் நங்கையா, ஈரத் தலையைக்கூடத் துடைக்காமல்.

சௌமியா மொழிபெயர்த்தாள். எமில் நனைந்த தலையோடு மெல்லக் கையைத் தூக்கினான். மூன்று வருடமாக எங்கள் அரிசி டப்பாவைக் காலி செய்து வந்தவன் அவன்தான். நன்றாக இருந்தது என்றான்.

சாம்பாரில் தாளிப்பு இல்லை. எண்பது பேரில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை. கல்யாணத்தில் எனக்கிருந்த ஒரே வருத்தம் அதுதான்.

மறுநாள் கிரீஸ் நாட்டுக்குத் தேனிலவு போவதாக இருந்தார்கள். கம்பம் நடும்போது இருந்தவர்கள் எப்படி வெளியூரில் தங்குவார்கள் என்று நங்கையா கேட்டார். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். சௌமியா சிரித்துக்கொண்டே பயணத்தை ரத்து செய்தாள். எட்டு நாள் எங்கள் வீட்டில், அவளுடைய பள்ளிக்கூடக் காலத்துக் கட்டிலில், எமில் தன் கால்களை ஒரு நாற்காலிமேல் நீட்டிக்கொண்டு தூங்கினான். ஒன்பதாம் நாள் நங்கையா கம்பத்திலிருந்து காய்ந்த கொப்பு ஒன்றை ஒடித்து ஏரியில் விட்டு, போய் வரலாம் என்று உத்தரவு கொடுத்தார். கொப்புக்கு அனுமதி தேவையில்லை என்று லார்ஸும் உறுதி செய்தார்.

8

நேற்றுச் சௌமியா அழைத்தாள். தமிழிலேயே பேசினாள், கொஞ்சம் தடுக்கித் தடுக்கி.

“அம்மா, இந்த வருசமும் கம்பம் நடறப்ப நாங்க அங்க இருப்போங்க. அப்பறம் ராத்திரி வெளியூர் தங்கக் கூடாதில்லீங்களா? எத்தனை நாளைக்குன்னு சொன்னா அதுக்குத் தகுந்த மாதிரி ரெண்டு பேரும் லீவு போட்டுக்குவோம்.”

அத்தையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். உடனே வைத்துவிட்டேன். பிறகு பொள்ளாச்சிக்கு அழைத்தேன். பின்னால் மாடு கத்திக்கொண்டிருந்தது. கம்பம் நட்டால் சரியாக எத்தனை நாள் கணக்கு, எட்டா, பதினைந்தா என்று நங்கையாவிடம் கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன்.

“கொஞ்சம் இருங்க” என்று மாட்டிடம் சொன்னார்.

“உனக்கு எத்தனை நாள் வேணும் அம்மணி?” என்றார்.

இன்று காலை, உருளைக்கிழங்குக்குப் போகும் முன்பே சங்கத்துக்குப் பதில் எழுதிவிட்டேன். ஒரு வாளிக்கு மூன்று கரண்டி. கறை போகாது, லார்ஸிடம் கேட்டுக்கொள்ளவும். ஒவ்வாமை உள்ளவர்கள் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் நிற்கலாம். கம்பத்தை அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். ஆகஸ்டில் நிர்வாகக் குழு கூடட்டும், கூடி நிதானமாகப் பேசி, முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கட்டும்.